பத்து லட்சம் கேலன் நச்சுநீரும் ஒரு கடிதமும்: வாரன் கவுண்டியின் 21 ஆண்டுகள்

1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார் என்பது நம் வாசிப்பு வட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து 1972இல் தலித் பேந்தர்கள் உருவானதும் தெரியும். மாண்ட்கோமரி, செல்மா, மால்கம் எக்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போவோம். ஆனால் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஒரு நச்சுக் கழிவுப் புதைகுழிக்கு எதிராகப் போராடிய வாரன் கவுண்டியின் கதை, "1982இல் சூழல் நீதி இயக்கம் பிறந்தது" என்ற ஒற்றை வரியோடு நம்மிடம் முடிந்துவிடுகிறது. அதோடு ஒரு புகைப்படம் வரும்: லாரிகளை மறித்து சாலையில் படுத்திருக்கும் மக்கள்.

அந்தப் போராட்டம் தோற்றது. புதைகுழி வந்தது. அதற்குப் பிறகு அந்த மண்ணையும் நீரையும் சுத்தம் செய்யவைக்க அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நாம் படிக்க வேண்டிய பகுதி. அதில் புகைப்படத்துக்கு ஏற்ற காட்சிகள் அதிகம் இல்லை.

1978ஆம் ஆண்டு கோடையில், நார்த் கரோலினா மாநிலத்தில் 14 கவுண்டிகள் வழியாக இரவு நேரங்களில் ஒரு லாரி ஓடியது. குழாயைத் திறந்துவிட்டு, சாலையோர மண்ணில் எண்ணெயைக் கொட்டிக்கொண்டே போனது. ராலே நகரத்து வார்டு டிரான்ஸ்ஃபார்மர் நிறுவனத்தின் கழிவு எண்ணெய் அது. சுமார் 31,000 கேலன். அதில் இருந்தது பிசிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வேதிப்பொருள். டிரான்ஸ்ஃபார்மர்கள் சூடாகாமல் இருக்கப் பயன்பட்டது. மண்ணில் மட்காது, உடலின் கொழுப்பில் தங்கிவிடும், புற்றுநோயோடு தொடர்புடையது. அமெரிக்காவில் 1976இல்தான் அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்திருந்தது. சட்டப்படி அழிக்கக் காசு செலவாகும். சாலையோரத்தில் கொட்டினால் ஆகாது. கொட்டியவர்களும் கொட்டச் சொன்னவரும் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள். கேள்வி அதுவல்ல. 200 மைலுக்கும் மேல் நீண்ட அந்த நச்சு மண்ணைச் சுரண்டி எடுத்து எங்கே போடுவது?

அரசு சுமார் 90 இடங்களைப் பார்த்ததாகச் சொன்னது. இறுதியில் இரண்டு மிஞ்சின. ஒன்று சாத்தம் கவுண்டியில். அங்கே எதிர்ப்பு வந்ததும் அந்த இடம் பட்டியலிலிருந்து விழுந்தது. இன்னொன்று வாரன் கவுண்டியின் ஆஃப்டன் என்ற சிற்றூருக்கு அருகே, கடனில் மூழ்கிய ஒரு விவசாய நிலம். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும், மாநிலத்தின் மிக வறிய கவுண்டிகளில் ஒன்று. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் ஊர்.

அந்தக் கிணறுகள்தான் விஷயமே. பிசிபி புதைக்கும் குழியின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்று மத்தியச் சூழல் பாதுகாப்பு முகமையின் விதியே சொன்னது. ஆஃப்டனிலோ நிலத்தடி நீர் சில அடிகளிலேயே கிடைக்கும். அப்படியென்றால் இடம் தகுதியற்றது என்றுதானே அர்த்தம்? முகமை 1979இல் அந்த விதிக்கு விலக்கு கொடுத்து அனுமதித்தது. பிளாஸ்டிக் விரிப்பும் களிமண்ணும் போதும் என்றார்கள். சேரிப் பக்கம் வரும்போது விதிகள் வளைவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

1979 ஜனவரியில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் திரண்டு எதிர்த்தார்கள். வழக்குகள் போட்டார்கள். 1982இல் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வழக்கையும் மத்திய நீதிமன்றம் ஏற்கவில்லை. இனம்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. செப்டம்பர் 15 அன்று முதல் லாரிகள் வந்தன. கோலி ஸ்பிரிங்ஸ் பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து மக்கள் ஊர்வலமாகப் போய்ச் சாலையில் படுத்தார்கள். வாரக்கணக்கில் நடந்த மறியலில் 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பெஞ்சமின் சாவிஸ், லியோன் வைட், வாஷிங்டனின் காங்கிரஸ் பிரதிநிதி வால்டர் ஃபாண்ட்ராய் ஆகியோர் அதில் இருந்தார்கள். உள்ளூரில் மக்களைத் திரட்டியவர் டாலி பர்வெல் என்ற பெண். பின்னாளில் அதே கவுண்டியின் பத்திரப் பதிவாளராகத் தேர்தலில் வென்றார். கென் ஃபெருச்சியோ, டெபோரா ஃபெருச்சியோ என்ற வெள்ளை இனத் தம்பதியும் தொடக்கத்திலிருந்தே முன்னணியில் நின்றார்கள்.

லாரிகள் நிற்கவில்லை. குழி நிரம்பியது.

ஆனால் அந்த அக்டோபரில் ஆளுநர் ஜிம் ஹன்ட் வாரன் மக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பொருத்தமான தொழில்நுட்பம் வந்ததும் அந்தக் குழியை நச்சு நீக்கம் செய்ய அரசு முயலும் என்பது அதன் சாரம். அன்றைக்கு அது சூட்டைத் தணிக்கச் சொன்ன வார்த்தையாகத்தான் பட்டிருக்கும். நம் ஊரில் அமைதிப் பேச்சுவார்த்தை முடிந்ததும் வட்டாட்சியர் வாயால் சொல்வாரே, அந்த மாதிரி. வித்தியாசம் ஒன்றே ஒன்று: இது எழுத்தில் இருந்தது. மக்கள் அந்தத் தாளைத் தொலைக்கவில்லை.

ஒரு புதைகுழி எப்படிக் கெடுகிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். அடியில் விரிப்பு, மேலே மூடி, நடுவில் கழிவு. உள்ளே தண்ணீர் போகாதவரை கழிவு நகராது என்பதுதான் அதன் தத்துவம். தண்ணீர் புகுந்தால் அது கழிவுக்குள் ஊறி, கரைவதைக் கரைத்து, நுண்துகள்களை இழுத்துக்கொண்டு கீழே தேங்கும். இதைத்தான் கசிவுநீர் என்கிறோம். அதை வெளியே எடுக்க அடியில் குழாய் அமைப்பு இருக்கும். அந்த அமைப்பு வேலை செய்யாவிட்டால் நீரின் எடை விரிப்பின் மேல் ஏறிக்கொண்டே போகும். விரிப்பில் எங்கே ஓட்டை இருந்தாலும் நிலத்தடி நீருக்கு வழி திறந்துவிடும். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கு ஆபத்து. இதெல்லாம் வீட்டுக் கிணற்று நீரின் நிறத்திலோ மணத்திலோ உடனே தெரியாது.

உலர்ந்தே இருக்கும் என்று உறுதியளிக்கப்பட்ட குழிக்குள் சுமார் பத்து லட்சம் கேலன் தண்ணீர் நிற்கிறது என்று 1993இல் அரசே அறிவித்தது. அவசரம், உடனே இறைத்து வெளியேற்ற வேண்டும் என்றது.

இந்த இடத்தில் வாரன் மக்கள் எடுத்த முடிவை நம் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். "சரி, இறையுங்கள்" என்று அவர்கள் விட்டுவிடவில்லை. பிசிபி தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், மண்ணைத்தான் பற்றிக்கொள்ளும். நீரை மட்டும் இறைத்தால் நஞ்சு அங்கேயேதான் இருக்கும். அடுத்த மழைக்குப் பிறகு இன்னொரு முறை இறைக்க வேண்டும். 1982ஆம் ஆண்டுக் கடிதத்தை எடுத்து நீட்டினார்கள்: நீங்கள் வாக்குக் கொடுத்தது நச்சு நீக்கத்துக்கு. அதைச் செய்யுங்கள்.

அரசும் மக்களும் சேர்ந்த ஒரு செயற்குழு உருவானது. அதில் மக்கள் பிடிவாதமாக நின்ற விஷயங்கள் இரண்டு. முதலாவது, அறிவியல் ஆலோசகரை நாங்கள் தேர்ந்தெடுப்போம், சம்பளத்தை அரசு கொடுக்க வேண்டும். குழியை அமைத்தவர்களே அது கசிகிறதா இல்லையா என்றும் சொன்னால் யார் நம்புவது? போராடி வாங்கினார்கள். அந்த ஆலோசகர்கள், இருக்கிற கண்காணிப்புக் கிணறுகள் போதாது என்று காட்டினார்கள். புதிய கிணறுகள் தோண்டப்பட்டன. மாதிரி எடுக்கும் இடம், ஆழம், முறை எல்லாமே விவாதத்துக்கு வந்தன. என்னைக் கேட்டால், சாலை மறியலுக்குச் சமமான வேலை இது. கூட்டக் குறிப்புகளை வாசிப்பதும் ஆய்வக அறிக்கையில் உள்ள எண்ணை "இது எப்படி வந்தது?" என்று கேட்பதும் யாருக்கும் கைத்தட்டல் வாங்கித் தருவதில்லை.

இரண்டாவது, மண்ணை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது, இங்கேயே வைத்து நச்சை நீக்க வேண்டும். குழியைத் தோண்டி லாரியில் ஏற்றி அனுப்புவது சுலபமாகத் தெரியும். ஆனால் அந்த லாரி எங்கே போகும்? அன்று நாட்டின் மிகப்பெரிய அபாயக் கழிவுக் கிடங்கு அலபாமாவின் எமெல்லில் இருந்தது. அதுவும் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் வறிய பகுதி. தங்கள் தலையில் விழுந்ததை இன்னொரு வாரன் கவுண்டியின் தலையில் தள்ள அவர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பால் காத்திருப்பு பல ஆண்டுகள் நீண்டது. தெரிந்தேதான் மறுத்தார்கள்.

தொழில்நுட்பம் கிடைத்த பிறகும் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. மாநில நிதியும் மத்திய நிதியும் சேர்ந்து வேலை 2001இல் தொடங்கியது. மண்ணைத் தோண்டி, உலையில் மிக உயர்ந்த வெப்பத்தில் சூடாக்கி, பிசிபியை ஆவியாக்கிப் பிரித்தார்கள். சுத்தமான மண்ணை அதே இடத்தில் நிரப்பினார்கள். 80,000 டன்னுக்கும் மேற்பட்ட மண். செலவு சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர். 2003இன் இறுதியில் வேலை முடிந்தது. முதல் லாரி வந்து 21 ஆண்டுகள்.

இதற்கிடையில் ஆஃப்டனின் பெயர் உலகெங்கும் போய்விட்டது. 1983இல் அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் தென்கிழக்கு மாநிலங்களில் ஆய்வு செய்த நான்கு பெரிய அபாயக் கழிவுக் கிடங்குகளில் மூன்று கறுப்பினப் பெரும்பான்மைப் பகுதிகளில் இருந்தன. 1987இல் ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் இன நீதி ஆணையம், கழிவு எங்கே போகிறது என்பதை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது இனமே என்று நாடு தழுவிய புள்ளிவிவரத்தோடு காட்டியது. நீதிமன்றம் "ஆதாரம் இல்லை" என்று சொல்லி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1994இல் அதிபர் கிளிண்டன் சூழல் நீதிக்கான ஆணை 12898இல் கையெழுத்திட்டார். ஆணை வந்த நாளிலும் ஆஃப்டன் குழிக்குள் தண்ணீர் நின்றுகொண்டுதான் இருந்தது.

சென்னையில் இப்போது கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பயோமைனிங் என்ற பெயரில் பழைய குப்பை மலைகளைத் தோண்டிச் சலிக்கிறார்கள். மலை குறைவது கண்ணுக்குத் தெரியும். எத்தனை ஏக்கர் மீட்டோம் என்று அறிவிப்பும் வரும். பல பத்தாண்டுகளாக மலைக்கு அடியில் இறங்கிய கசிவுநீர் கண்ணுக்குத் தெரியாது. வடசென்னையில் வேலை செய்யும் மாணவர்கள் வாரன் மக்களின் கேள்விகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கண்காணிப்புக் கிணறுகள் எங்கே, எத்தனை? மாதிரி எடுப்பது யார்? அறிக்கை தமிழில் கிடைக்குமா? சலித்துப் பிரித்ததில் எரிக்கவும் விற்கவும் முடியாத மிச்சம் எந்த ஊருக்குப் போகிறது, அங்கே யார் குடியிருக்கிறார்கள்? கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று போராடும் மக்கள் இவற்றில் சிலவற்றை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தகவல் உரிமைச் சட்ட மனு எழுதத் தெரிந்தவர்கள் அவர்களோடு போய் உட்காரலாம்.

கிளிண்டனின் ஆணையை 2025 ஜனவரியில், பதவியேற்ற மறுநாளே டிரம்ப் ரத்து செய்தார். ஒரு கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போனது. ஆஃப்டனில் சூடாக்கிச் சுத்தம் செய்த மண் அங்கேயே இருக்கிறது.