கோள்களின் நிறை ஒப்பீடும் சோழமண்டலக் கடற்கரை அளவீடுகளும் (1802–1874)

முன்னுரை

கோளொன்றின் நிறையைத் துலாக்கோலில் இட்டு அளக்க இயலாது. அது பிற பொருள்களை ஈர்க்கும் வலிமையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. சென்னைக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த அளவீடுகள் நிலஅளவை, புவியியற்பியல், வானியல் எனத் தனித்தனி வரலாறுகளாகவே பெரிதும் பேசப்படுகின்றன. அவை கோள்நிறை ஒப்பீடு என்னும் ஒரே வினாவில் இணைவதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

நியூட்டனின் மதிப்புகள்

பிரின்சிபியாவின் மூன்றாம் பதிப்பில் (1726) நியூட்டன், சூரியனின் நிறையை 1 எனக் கொண்டு, வியாழனை 1/1,067, சனியை 1/3,021, புவியை 1/1,69,282 என மதிப்பிட்டார். இன்றைய மதிப்புகள் முறையே ஏறத்தாழ 1/1,047, 1/3,498, 1/3,33,000 ஆகும். தொலைவிலுள்ள வியாழனின் மதிப்பு பெரிதும் பொருந்த, நாம் வாழும் புவியின் மதிப்பே இருமடங்காகப் பிழைத்தது. துணைக்கோள்களின் சுற்றுக்காலமும் கோண விலக்கமும் தெரிந்தால் வியாழனையும் சனியையும் சூரியனோடு ஒப்பிடலாம். சூரியனின் தொலைவு மைல் கணக்கில் தெரியவேண்டியதில்லை. தரையில் அளந்த ஈர்ப்பைக் கொண்டு புவியை ஒப்பிடுவதற்கோ அத்தொலைவு இன்றியமையாதது. அது மும்மடியாகக் கணக்கில் நுழைவதால், தொலைவின் 1 விழுக்காட்டுப் பிழை நிறை விகிதத்தில் 3 விழுக்காடாகப் பெருகும்.

மூன்று அளவுகள்

இவ்வாறு புவிக்குத் தேவைப்படுவன ஆரம், ஈர்ப்பு முடுக்கம், சூரியத் தொலைவு ஆகிய மூன்று. முதலாவது, லாம்டன் 1802இல் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்திற்கும் இடையே சுமார் 7.5 மைல் நீள அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து நெடுவரை வில்லொன்றைக் கணித்தார். அவர் பெற்ற ஒரு பாகையின் நீளம் 12°32' அட்சரேகைக்குரியது. இன்றைய கல்பாக்கம் இவ்வட்சரேகையை ஒட்டியே அமைந்துள்ளது. இரண்டாவது, சென்னை வானாய்வகத்தின் கோல்டிங்ஹாம் 1821இல் ஊசல் சோதனைகளால் இவ்விடத்து ஈர்ப்பை அளந்தார். மூன்றாவது, சூரியனை வெள்ளி கடக்கும் நிகழ்வால் தொலைவை அறியும் முயற்சி. 1769இல் புதுச்சேரியில் லெ ஜான்டியின் கண்களிலிருந்து மேகம் மறைத்த இந்நிகழ்வு 1874 டிசம்பர் 9இல் மீண்டும் நேர்ந்தபோது, சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதனை விளக்கி நூல் வெளியிட்டார்.

ஆரம் 6,378 கி.மீ., சென்னை ஈர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 9.78 மீட்டர், சூரியத் தொலைவு 14.96 கோடி கி.மீ. எனக் கொண்டால், சூரியன் புவியைப்போல் சுமார் 3.33 இலட்சம் மடங்கு நிறையுடையது எனப் பெறலாம். இதனை 1,047ஆல் வகுக்க, வியாழன் 318 புவிகளுக்கு நிகராகிறது. இதே வானாய்வகத்தில் 1850களில் ஜேக்கப் சனியின் துணைக்கோள்களை அளந்தது, வெளிக்கோள்களை எடையிடும் வழியைச் சார்ந்ததாகும்.

முடிவுரை

இம்மதிப்புகளைச் சென்னை அளவீடுகள் மட்டுமே நிறுவின என்பது இங்கு வாதமன்று. லாம்டனின் பணியை நிலவரைபட ஆக்கமாக மட்டும் காணும்போது, அதன் வானியற் பொருள் மறைந்துவிடுகிறது. மேலும், பஞ்சாங்கக் கணிதம் கோள்களின் இருப்பிடத்தைக் கூறும். அவற்றின் நிறை அக்கணிதத்திற்குத் தேவைப்படுவதில்லை. திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வெள்ளிக் கடப்பு நூலையும் ஒருவரே இயற்றியமையால், ரகுநாதாச்சாரியை இவ்விரு அறிவு மரபுகளும் சந்தித்த இடமாக வைத்து ஆராய்வது பயன்தரும்.