சோனகத் தெருவை மனப்பாடமாக வைத்திருந்த உம்மம்மா

எங்கள் யாழ்ப்பாணத்து உம்மம்மா 92 வயதில் புத்தளத்தில் வபாத்தானார். நேற்று அஸருக்குப் பிறகு நல்லடக்கம் செய்தோம்.

1990 ஒக்டோபர் 30 அன்று புலிகள் எங்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் அப்படித்தான் வந்தோம். காசும் நகையும் வழியிலேயே பறிபோயின. பலருக்குக் காணி உறுதியும் இல்லை.

உம்மம்மாவிடம் ஞாபகம் மிஞ்சியது. எந்தக் கிணற்றில் யாருக்குப் பங்கு, எந்த மதில் யாருடையது என்று முகாம் கொட்டிலில் இருந்தபடி சொல்லுவார். நடுவில் கலியாணக் கதைகளும் வரும். அவற்றை இங்கே எழுத முடியாது!

2002 சமாதான காலத்தில் போய்ப் பார்த்தால் கூரையில்லாத சுவர்கள், பற்றைக்காடு. எல்லைகளைக் காட்டித் தந்தவர் அவரே. கந்தோரில் அது செல்லவில்லை.

அவர் சொன்னவை ஒரு கொப்பி நிறைய எங்களிடம் இருக்கின்றன. தங்கள் வீட்டு எல்லையைத் தேடுவோர் வந்து பாருங்கள்.