மூன்று தடவைகள்: பல் வைத்தியப் பிரவேசத்தின் கதை

எமது நாட்டின் கல்வி வரலாற்றை எழுதுவோர் பரீட்சையிற் சித்தியடைந்தோரை எண்ணுவர். சித்தியடையாதோரையும் ஒருவாறு எண்ணுவர். இவ்விரு சாராருக்கும் இடையே மூன்றாவது சாரார் உளர். சித்தியடைந்தும் இடம் கிடைக்காதவர்கள் இவர்கள். சில புள்ளிகளால் வாசலிலே நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு அதே பரீட்சைக்கு மீண்டும் தோற்றியவர்கள். இலவசக் கல்வி என்னும் பெருஞ் சாதனை யாருக்கு எவ்வளவு தூரம் கைகொடுத்தது என்பதை அறிய விரும்புவோர் இவர்களையே முதலில் நோக்குதல் வேண்டும். பல் வைத்தியக் கல்வியை ஈண்டு எடுத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. எமது நாட்டிலே பல் வைத்தியத்துக்கென்று தனிப் பிரவேசப் பரீட்சை கிடையாது. வைத்தியத்துக்கு உரிய அதே பாடங்கள், அதே வினாத்தாள், அதே வரிசை. வரிசையின் முற்பகுதி வைத்திய பீடத்துக்குப் போகும். அதனை அடுத்து நிற்போருக்குப் பல் வைத்தியம். ஆகவே பல் வைத்திய மாணவர் பலர் வைத்தியத்தைச் சில புள்ளிகளால் தவறவிட்டவர்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்போர், பல் வைத்தியத்தையும் தவறவிட்டு மறு வருஷத்தை எண்ணிக்கொண்டிருப்பவர்கள்.

இலங்கைப் பல்கலைக்கழகம், அந்நாளிற் சர்வகலாசாலை என்றே வழங்கிய அந்நிறுவனம், 1942இல் தோன்றியது. மறு ஆண்டே, 1943இல், கொழும்பில் வைத்திய பீடத்தின் நிழலிலே பல் வைத்தியப் பயிற்சி ஆரம்பமாயிற்று. 1954இல் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. தனிப் பீடம் என்ற அந்தஸ்து 1986இலேதான் அதற்குக் கிட்டியது. இக்காலத்துள் வைத்திய பீடங்கள் பெருகின: பேராதனையில் 1962இலும் யாழ்ப்பாணத்தில் 1978இலும் தோன்றின, பின்னர் காலி, களனி, மட்டக்களப்பு, அநுராதபுரம் என்று தொடர்ந்து இன்று பத்துக்கு மேற்பட்டுவிட்டன. பல் வைத்தியத்துக்கோ அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேராதனை ஒன்றே. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது பீடம் அமைந்தது அண்மைக் காலத்திலாகும். வரிசை நீண்டுகொண்டே போக, வாசல் மாத்திரம் அதே அகலத்தில் நின்றது.

ஆரம்ப காலத்தில் வரிசையே குறுகியதாய் இருந்தது. பிரவேசப் பரீட்சை ஆங்கிலத்தில் நடைபெற்றது. விஞ்ஞான ஆய்வுகூடம் உள்ள கல்லூரிகள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேறு சில பட்டினங்களிலுமே இருந்தன. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் கட்டணம் நீங்கிற்று. கிராமப் பிள்ளைகளுக்கென மத்திய கல்லூரிகள் எழுந்தன. பின்னர் சுயபாஷைக் கல்வி உயர்வகுப்பு வரை ஏறிவந்தது. 1960களின் பிற்பகுதியில் தாவரவியலும் விலங்கியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படலாயின. தந்தை ஆங்கிலம் அறியாதவராயினும் பிள்ளை வைத்தியனாகலாம் என்ற நம்பிக்கை முதன்முதலாகக் கிராமத்தை எட்டியது இக்காலத்திலேதான்.

நம்பிக்கை எட்டியது, ஆனால் வருஷம் எட்டவில்லை. இதனைச் சற்று விளக்குதல் நன்று. பாடசாலைக் கட்டணத்தை அரசு நீக்கலாம், பாடநூலையும் கொடுக்கலாம். பத்தொன்பது வயது மகன் ஒருவன் மேலும் ஒரு வருஷம் உழையாமல் வீட்டிலிருந்து படிப்பதற்கு ஆகும் செலவை எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை. அரசாங்க எழுதுவினைஞரின் வீட்டில் அச்செலவு மாதச் சம்பளத்திலிருந்து வரும். புகையிலைத் தோட்டமுள்ள வீட்டில் அடுத்த விளைச்சலிலிருந்து வரும். சிறு காணி மாத்திரம் உள்ள வீட்டில் காணி ஈட்டுக்குப் போகும். காணியும் இல்லாத கூலி விவசாயியின் வீட்டிலோ இரண்டாந் தடவை என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. முதற் பெறுபேறு வந்த அன்றே மகன் கடைச் சிப்பந்தியாகவோ, அதிர்ஷ்டம் இருந்தால் ஆசிரிய கலாசாலை மாணவனாகவோ ஆகிவிடுவான். பெண்பிள்ளைகளின் நிலை இதனினும் வேறு. வசதியுள்ள குடும்பத்திற்கூட மகளுக்கு இரண்டாம் வருஷம் கொடுப்பதா, கல்யாணப் பேச்சை எடுப்பதா என்ற கேள்வி எழும். மகனுக்கு அக்கேள்வி எழுவதில்லை.

மீண்டும் தோற்றுவோருக்குச் சட்டம் விதித்த எல்லை மூன்று தடவைகள். பல்கலைக்கழகப் பிரவேசத்துக்கு மூன்றாந் தடவை வரையுள்ள பெறுபேறுகளே ஏற்றுக்கொள்ளப்படும். புதிதாக வருவோருக்கு இடம் விட வேண்டும் என்ற நியாயம் இதில் உண்டு. நாம் அதனை மறுக்கவில்லை. ஆயினும் மூன்று தடவை என்ற உரிமை எல்லோருக்கும் ஒரே அளவான உரிமையன்று. பாடசாலையை விட்டு விலகித் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுபவனுக்கு ஆய்வுகூடம் இல்லை, நூலகம் இல்லை, ஆசிரியர் இல்லை. பரீட்சைக் கட்டணத்தையும் அவனே கட்ட வேண்டும். இந்த வெற்றிடத்திலேதான் ரியூட்டரிகள் முளைத்தன. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கண்டியிலும் ஓலைக் கொட்டிலிலும் வாடகை மண்டபத்திலும் நடந்த அவ்வகுப்புகளை முற்றாக இகழ்வது எளிது. பாடசாலை கைவிட்டவனை அவையே ஏற்றன என்பதும் உண்மை. ஆனால் பாடசாலையிலிருந்து கன்னங்கரா நீக்கிய கட்டணம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்ததும் அவ்வகுப்புகளினூடாகத்தான்.

நிற்க. 1971ஆம் ஆண்டுப் பிரவேசத்துக்கு வருவோம். அவ்வாண்டு வைத்தியத்துக்கும் பல் வைத்தியத்துக்கும் நானூறு புள்ளிகளுக்குத் தமிழில் எழுதியோர் 250 பெற வேண்டியிருந்தது. சிங்களத்தில் எழுதியோருக்கு 229 போதுமாயிற்று. பொறியியலில் 250க்கு எதிராக 227. மிருக வைத்தியத்தில் 206க்கு எதிராக 181. தமிழ்ப் பரீட்சகர் புள்ளியை அள்ளி வழங்கினர் என்று கூறப்பட்டது, அக்குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. 240 புள்ளி பெற்ற தமிழ் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் தோற்றது வினாத்தாளிடமன்று. சரி, மறு வருஷம் பார்ப்போம் என்று அவன் மீண்டும் உட்கார்ந்தான் என்று கொள்வோம். அவன் திரும்பி வருவதற்குள் விதி மாறிற்று. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது; ஒவ்வொரு மொழியிலும் தோற்றியோரின் தொகைக்கு ஏற்பத் தெரிவு அமையுமாறு புள்ளிகள் மாற்றியமைக்கப்பட்டன. 1974இல் அதனோடு மாவட்டப் பங்கீடும் சேர்ந்தது. அதன் பின்னரும் திருத்தங்கள். ஓடிவந்து எல்லைக் கோட்டைத் தொடும்போதெல்லாம் கோட்டை நகர்த்திவைத்தால் ஓடுபவன் என்ன செய்வான்? 1970இல் விஞ்ஞானத் துறைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலிருந்த தமிழ் மாணவர் விகிதம் 1975அளவில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. ஒரு தலைமுறையின் அரசியல் இக்கணக்கிலிருந்து பெரிதும் பிறந்தது என்பதை நாம் அறிவோம்.

ஆனால் இவ்விடத்தில் நிறுத்திவிட்டால் கதை பாதிதான். மொழிவாரித் தரப்படுத்தல் அநீதி, அதிற் சந்தேகமில்லை. மாவட்டப் பங்கீட்டை அதே மூச்சில் கண்டிப்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆய்வுகூடமற்ற பாடசாலையிற் படித்த தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்கு அதற்கு முன் எத்தனை இடம் இருந்தது? மொனராகலைச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கு எத்தனை? 1971 ஏப்பிரில் கிளர்ச்சியில் இறங்கியோரில் பெரும் பகுதியினர் படித்தும் வழியில்லாத கிராமத்து இளைஞர்களே. யாழ்ப்பாணத்தின் உள்ளேயும் எல்லோருக்கும் ஒரே நிலை இருக்கவில்லை. சாதியின் பெயரால் பள்ளிக்கூடப் படியிலேயே தடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த 250ஐ நோக்கி ஓடும் நிலையில் இருந்தனர்? மலையகத்தைச் சொல்லவே வேண்டாம். தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தது 1970களிலேதான். உயர்தர விஞ்ஞான வகுப்பு அங்கு சென்றது அதற்கும் மிகப் பிந்தி. கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு இரண்டாந் தடவை மறுக்கப்பட்டது என்று கூறுவதே பிழை. முதல் தடவையே இருக்கவில்லை.

மாவட்டப் பங்கீடு புதியதோர் உபாயத்தையும் பிறப்பித்தது. முதல் தடவை கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தவறியவன், பின்தங்கிய மாவட்டப் பாடசாலை ஒன்றிற் பெயரைப் பதிந்து இரண்டாந் தடவை அங்கிருந்து தோற்றுவது. வசதியுள்ளவனின் இரண்டாந் தடவை வசதியற்றவனின் முதல் தடவையைப் பறித்தது. பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகள் கற்ற பாடசாலையின் மாவட்டமே கணக்கில் எடுக்கப்படும் என்ற விதி இதனைத் தடுக்கவே வந்தது. மொழிவாரி முறை 1970களின் இறுதியிலே கைவிடப்பட்டபின், திறமை, மாவட்ட சனத்தொகை, பின்தங்கிய மாவட்டம் என்ற முப்பிரிவுப் பங்கீடு நிலைபெற்றது. 1974இல் முன்னேறிய மாவட்டமெனத் தண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணம், பின்னாளில் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இதைவிடக் கசப்பான புள்ளிவிபரம் வேறு வேண்டியதில்லை.

2001இல் இசட் புள்ளி முறை வந்தது. மூலப்புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, புள்ளிகள் பரவியுள்ள அளவைக் காட்டும் நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களின் விடைகளைச் சராசரி காண்பது இதன் சாரம். இலகுவான பாடத்தை எடுத்தவனும் கடினமான பாடத்தை எடுத்தவனும் ஒரே தராசில் நிற்கலாம் என்பது இதன் நன்மை. முடிவு நான்கு தசம தானங்களில் வெளிவரும். நான்காந் தானத்து இலக்கம் ஒன்று வைத்தியத்தைப் பல் வைத்தியத்திலிருந்து பிரிக்கக்கூடும். கணிதத்திலே குற்றமில்லை. கணிதத்தைக் கையாள்வோரிடம் குற்றம் நேரலாம் என்பதை 2011 காட்டிற்று. அவ்வாண்டு உயர்தரப் பரீட்சை இரு பாடத்திட்டங்களில் நடந்தது. புதியவர்கள் புதிய பாடத்திட்டத்திலும், முன்னர் தவறிப்போய் மீண்டும் வந்தோர் பழைய பாடத்திட்டத்திலும் எழுதினர். இரு வேறு வினாத்தாள்கள், இரு வேறு கூட்டத்தார். இருவரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்தனர். மாணவர்கள் அடிப்படை உரிமை வழக்குடன் உயர் நீதிமன்றம் சென்றனர். இரு தொகுதியினரையும் வெவ்வேறாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு 2012 ஜூனில் நீதிமன்றம் பணித்தது. மீண்டும் தோற்றுவோர் தனியொரு கூட்டத்தார் என்பது இந்நாட்டு நீதிமன்றத்திலே எண்கணிதமாக ஏற்கப்பட்டது அப்பொழுதுதான்.

பணமுடையோர் இவ்வரிசைக்கு வெளியே வேறு பாதை தேடினர். 1981இல் கட்டணம் பெறும் வட கொழும்பு வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது; மாணவர் போராட்டங்களின் பின் 1989இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. 2009இல் ஆரம்பித்த மாலபே தனியார் வைத்தியக் கல்லூரியும் அதே எதிர்ப்பைச் சந்தித்து 2018இல் முடிவுற்றது. அப்போராட்டங்களைப் பொறாமை என்று எழுதிய பத்திரிகைகளும் உண்டு. இரண்டு வருஷம் காத்திருந்து, மூன்றாந் தடவையும் எழுதி, பேராதனையில் ஒரு கதிரை பெற்றவனுக்கு அது பொறாமையாகத் தோன்றியிராது. வெளிநாடு சென்று பட்டம் வாங்கும் வழியோ இன்றும் திறந்தே கிடக்கிறது.

போர் இக்கதையினூடே ஓடுகிறது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது பாடக் கொப்பிகளும் தெருவிற் சிதறின. 2009 ஓகஸ்டில், வன்னிப் போர் முடிந்து மூன்று மாதங்களில், வவுனியா முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தவாறே மாணவர்கள் உயர்தரப் பரீட்சை எழுதினர். அவர்களுட் பலருக்கு அது எத்தனையாவது தடவை என்று கணக்கெடுப்பது எங்ஙனம்? இடையில் இழந்த ஆண்டுகளை எந்த விண்ணப்பப் படிவத்தில் நிரப்புவது?

போர் ஓய்ந்த பின் வந்தது நோயும் கடன் நெருக்கடியும். 2021இல் நடக்கவேண்டிய பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. பெறுபேறு ஓகஸ்டில் வந்தது. அடுத்த பரீட்சை 2023 ஜனவரியில். தவறியவனுக்கு மறு ஆயத்தத்துக்குக் கிடைத்தவை ஐந்து மாதங்கள், மின்வெட்டோடு கூடிய ஐந்து மாதங்கள். கடதாசி விலை ஏறிய அவ்வாண்டில் பழைய வினாத்தாட் கொத்தைப் பிரதி எடுப்பதே ஒரு குடும்பச் செலவாயிற்று. அரிசி வாங்குவதா, வகுப்புக்கு அனுப்புவதா என்று தோட்டப்புற வீடுகளிலும் வன்னிக் குடிசைகளிலும் பேசப்பட்ட அந்த மாதங்களில், மூன்றாந் தடவைக்கான விண்ணப்பத்தை வாங்கிவைத்துவிட்டுக் கட்டணம் கட்டாமலே விட்டோரும் இருந்தனர். பரீட்சைத் திணைக்களம் தோற்றியோரைத்தான் எண்ணும்.