சாவி உங்க கையில, கார் யார் கையில?

பழைய கார் வாங்கப் போனா நம்ம ஆட்கள் என்ன பார்ப்பாங்க? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, எஞ்சின் புகை தள்ளுதா, ஆர்.சி. புக்குல எத்தனாவது ஓனர். அவ்ளோதான். மின்சாரக் காருக்கு இந்த லிஸ்ட் பத்தாது. அதுவும் கம்பெனி பெரிய தலைகள் ஓட்டுற ரக சொகுசுக் கார்னா சுத்தமா பத்தாது. ஏன் பத்தாதுங்கறதுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேல ஒரு கதை இருக்கு. அதுதான் இந்தப் பதிவு.

முதல்ல டெட்ராய்ட் எலெக்ட்ரிக். 1907-ல் ஆரம்பித்து 1939 வரை ஓட்டிய அமெரிக்க கம்பெனி. அந்தக் காலத்து பணக்கார வீடுகளின் கார். வேகம் என்னவோ மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித்தான். ஆனா புகை இல்லை, சத்தம் இல்லை, முன்னாடி நின்னு கம்பியைச் சுத்தி ஸ்டார்ட் பண்ற கொடுமை இல்லை. ஹென்றி ஃபோர்டு ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் வித்துக்கிட்டு இருந்தப்போ, அவர் சம்சாரம் கிளாரா ஓட்டினது 1914 மாடல் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் :-)

இதில் சாதாரண ஈய பேட்டரிதான் வரும். கூடுதலா 600 டாலர் கொடுத்தா எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரி. அந்தக் காசுக்கு 1914-ல் ஒரு ஃபோர்டு மாடல் டி காரையே வாங்கிடலாம். ஈயம் சில வருஷத்தில் மண்டையைப் போட்டுடும், எடிசன் பேட்டரி பல வருஷம் தாங்கும். ஆக, செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவன் காரை விட்டுட்டு பேட்டரியைத்தான் முதல்ல விசாரிக்கணும்ங்கற விதி அப்பவே எழுதப்பட்டாச்சு. 1912-ல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது, பெட்ரோல் காரின் பெரிய தலைவலி தீர்ந்தது, மின்சாரக் கார் மெல்ல மூலைக்குப் போனது.

அப்படியே 1996-க்கு வாங்க. ஜெனரல் மோட்டார்ஸ் ஈ.வி.1 என்ற காரை இறக்கினார்கள். மொத்தம் செய்தது 1,117. ஒண்ணைக்கூட விற்கவில்லை, எல்லாம் குத்தகைக்குத்தான். குத்தகை முடிஞ்சா நாமளே வாங்கிக்கலாமேன்னு கேட்டா, அந்த ஷரத்தே ஒப்பந்தத்தில் கிடையாது. 2003-ல் திட்டத்தை மூடி கார்களை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். உதிரி பாகம் கிடைக்காது, பின்னாடி ஏதாவது ஆனா பொறுப்பு எங்க தலைல விழும் என்பது அவங்க சொன்ன காரணம்.

2005-ல் கலிஃபோர்னியா பர்பாங்க் நகரில் 78 கார்கள் வேலிக்குள்ள நின்னுச்சு. ஓட்டினவங்க வேலிக்கு வெளியே ராத்திரி பகலா உட்கார்ந்தாங்க. காருக்கு 24,000 டாலர், மொத்தம் சுமார் 19 லட்சம் டாலர் தர்றோம்னு சொன்னாங்க. ம்ஹூம். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரும்பாலானவை நசுக்கப்பட்டன, சில மட்டும் மியூசியத்துக்குப் போச்சு. உலகத்திலேயே செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டே இல்லாத ஒரே மின்சாரக் கார்னு தாராளமா கிண்டல் பண்ணலாம். ஆனா அந்த 78 கார் விஷயம் கிண்டல் இல்லை. கையில காசோட நிக்கிறான், பொருளும் எதிர்ல நிக்குது, ஆனா அது அவனுக்குக் கிடையாதாம்.

அடுத்தது டெஸ்லா மாடல் எஸ். 2012 ஜூனில் டெலிவரி ஆரம்பம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி செல்கள், 85 யூனிட் பேட்டரி, அமெரிக்க அரசு கணக்குப்படி 426 கிலோமீட்டர். பென்ஸ், பி.எம்.டபிள்யூ. வாங்குகிற ஆளுக்கு விற்க வேண்டிய கார். அந்த ஆளோ, மூணு வருஷம் கழிச்சு இதை எவன் வாங்குவான்னு கேட்டார். அதனால 2013 ஏப்ரலில், மூணு வருஷத்தில் இவ்வளவு விலைக்கு நாங்களே திரும்ப எடுத்துக்கறோம்னு கம்பெனி உத்தரவாதம் கொடுத்தது. ஈலான் மஸ்க் தன் சொந்தப் பணத்தையே பிணையா வெச்சார். 2016-ல் அதை நிறுத்திட்டாங்க. 85 யூனிட் பேட்டரிக்கு எட்டு வருஷ வாரண்டி, கிலோமீட்டர் கணக்கில்லை, அடுத்த ஓனருக்கும் அது செல்லும். ஆனா கொள்ளளவு மெதுவா குறைஞ்சா அதுக்கு அவங்க பொறுப்பில்லை. 70 சதவீதம் என்ற வரம்பு வந்தது 2020-ல்தான்.

சரி, பேட்டரி பயம் ஒருவழியா குறைஞ்சுதா? அடுத்த ஆப்பு வந்தது நம்ம துறையிலிருந்து.

நடுவில் இருக்கும் 17 இன்ச் திரைக்குப் பின்னாடி 8 ஜி.பி. ஃப்ளாஷ் சிப். மென்பொருள் அதில் லாக் எழுதிக்கிட்டே இருந்தது. ஃப்ளாஷில் ஒரு இடத்தில் சில ஆயிரம் தடவைதான் எழுதி அழிக்க முடியும்னு பொட்டி தட்டுற நம்ம எல்லாருக்கும் தெரியும். அஞ்சாறு வருஷத்தில் சிப் தேய்ஞ்சு திரை செத்துப்போச்சு. ரிவர்ஸ் கேமராவும் கூடவே போச்சு. அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை கடிதம் போட்ட பிறகு, 2021-ல் சுமார் 1,35,000 கார்களை திரும்ப அழைச்சாங்க. லட்ச டாலர் காரைச் சாய்ச்சது ஒரு லாக் ஃபைல்!

இன்னும் ரெண்டு சம்பவம். 2019-ல் ஒரு அப்டேட், பேட்டரி பாதுகாப்புக்குன்னு சொல்லி, சில பழைய மாடல் எஸ் கார்களின் சார்ஜ் அளவைக் குறைச்சுது. கேஸ் போட்டாங்க. 2021-ல் 1,743 கார்களுக்கு தலா 625 டாலர் என்று முடிந்தது. அடுத்து 2020 பிப்ரவரியில் வெளிவந்த செய்தி. டீலரிடம் ஒருத்தர் பழைய மாடல் எஸ் வாங்குறார். விளம்பரத்தில் தானோட்டி வசதி உண்டுன்னு இருக்கு. வாங்கின பிறகு அந்த வசதி காணோம். தணிக்கையில் இதுக்குப் பணம் கட்டப்படலைன்னு தெரிஞ்சதாம், தூரத்திலிருந்தே தூக்கிட்டாங்க. ஊரே கூச்சல் போட்ட பிறகுதான் திரும்பக் கொடுத்தாங்க.

ஈ.வி.1-க்கு லாரி அனுப்ப வேண்டியிருந்தது. இப்ப ஒரு பாக்கெட் டேட்டா போதும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் பிரிட்டனில் 2020 ஏப்ரலிலிருந்து கம்பெனி கொடுக்கும் மின்சாரக் காருக்கு ஊழியர் கட்டும் வரி பூஜ்யம், பிறகு 1, 2 சதவீதம். மேனேஜர்கள் எல்லாம் மின்சாரத்துக்குத் தாவினாங்க. மூணு நாலு வருஷ குத்தகை முடிஞ்சதும் அந்தக் கார்கள் மொத்தமா பழைய மார்க்கெட்டுக்கு வந்து விழுந்துச்சு. 2023-ல் டெஸ்லா புதுக் கார் விலையையும் வெட்டினதால பழசு விலை சரசரன்னு இறங்குச்சு. முதல் ஓனருக்கு நஷ்டம், ரெண்டாவது ஓனருக்கு யோகம்.

அந்த யோகத்தை நம்பி இறங்குறவங்க நாலு விஷயம் பாருங்க. பேட்டரியின் இப்போதைய கொள்ளளவு எவ்வளவு, வாரண்டி எந்தத் தேதியில் முடியுது, ரீகால் வேலை எல்லாம் முடிஞ்சுதா, எந்தெந்த மென்பொருள் வசதி காரோட வருது. கடைசியதை டீலர் வாயால சொன்னா போதாது, விற்பனைப் பத்திரத்தில் எழுதி வாங்கிடுங்க. 2016 வரை வந்த 85 யூனிட் மாடல் எஸ் எல்லாத்துக்கும் பேட்டரி வாரண்டி முடிஞ்சாச்சு, அந்த விலையைப் பார்த்து மயங்காதீங்க.

காசு கொடுத்து வாங்கின பொருள் முழுசா நம்மளதுன்னு சட்டமே சொல்ற வரைக்கும், காகிதத்தில் இருக்கறதுதான் நம்ம கார். மற்றவை பிறகு.