ஓ.கே. பிறந்த தேதி

ஓ.கே. எங்கே பிறந்தது என்று தேடுகிறவர் சீக்கிரமே டென்னிசியின் சம்னர் மாவட்ட நீதிமன்றப் பதிவேட்டுக்கு வந்து சேர்வார். 1790-ஆம் ஆண்டுப் பதிவு. அடிமை ஒருவரை விற்ற கிரயப் பத்திரத்தை ஆண்ட்ரூ ஜாக்சன் (பிற்காலத்து அமெரிக்க அதிபர்தான்) மெய்ப்பித்ததாகச் சொல்லும் அந்தக் குறிப்பில் இரண்டு எழுத்துகள் உண்டு. அவற்றை ஓ.கே. என்று படித்து 1859-இல் நூலில் ஏற்றினார் பட்னம் என்ற வரலாற்றாசிரியர். எழுத்துப்பிழைக்குப் பேர்போன ஜாக்சன் 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' ஆக்கிச் சுருக்கினார் என்ற கதை ஏற்கெனவே உலவிவந்தது. கதைக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

சாட்சியை நம்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பதிவேடு எழுதுவது நீதிமன்ற எழுத்தர். ஜாக்சனின் எழுத்துப்பிழை அங்கே எப்படி வரும்? மூலத்தைத் திரும்பப் பார்த்த ஆய்வாளர்கள் இரண்டாவது எழுத்து 'கே' அல்ல, 'ஆர்' என்றார்கள். ஓ.ஆர். என்றால் 'உத்தரவு பதிவாயிற்று'. எழுத்தர்களின் அன்றாடச் சுருக்கம்.

ஜாக்சன் கதையின் வயதையும் பார்க்க வேண்டும். அது 1840 தேர்தலில் எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் கிளப்பிய கேலி. அந்த ஆண்டு மறுபடி போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹுக். 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்ற பட்டப்பெயரைச் சுருக்கி, நியூயார்க் நகரில் ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப் நடத்தினார்கள். சொல்லின் ஊற்று இந்தக் கிளப்தான் என்று 1941-இல் எழுதினார் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆலன் வாக்கர் ரீட்.

அவரே பிறகு அதைத் திருத்தினார். 1839 மார்ச் 23 தேதியிட்ட 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் ஒரு நையாண்டிக் குறிப்பு. சாப்பாட்டு மணி அடிப்பதைத் தடுத்த நகர விதியைக் கிண்டல் செய்யப் புறப்பட்ட ஒரு சங்கத்தைப் பற்றியது. அதன் நடுவே ஓ.கே.; பக்கத்திலேயே ஒரு கோடு போட்டு, 'எல்லாம் சரி' என்ற விளக்கம். கிளப்புக்கு ஏறத்தாழ ஓராண்டு முந்தியது.

ஒற்றைச் சான்று அச்சுப்பிழையாகவும் இருக்கலாமே? ரீட் அதற்கும் இடம் வைக்கவில்லை. வேண்டுமென்றே தப்பாக எழுத்துக்கூட்டி முதலெழுத்துகளை மட்டும் போடுவது அன்றைய பாஸ்டன் பத்திரிகைக்காரர்களின் விளையாட்டு. 'ஆல் ரைட்' என்பதற்கு அவர்கள் ஓ.டபிள்யூ. என்று எழுதினார்கள், 'நோ யூஸ்' என்பதற்குக் கே.ஒய். இந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் மார்ச் 23-க்கு எடை கூடுகிறது.

கிளப்பை அதனால் ஒதுக்கிவிட முடியாது. அது ஓ.கே.யைப் பெறவில்லை, வளர்த்தது. பாஸ்டன் பத்திரிகைக்காரர்களின் விளையாட்டுச் சொல்லைத் தேர்தல் முழக்கமாக்கி ஊரூராகக் கொண்டுபோனது. வான் பியூரன் அந்தத் தேர்தலில் தோற்றாலும் சொல் நிலைத்தது. அப்படித் தூக்கிச் சுமக்க ஆளில்லாத ஓ.டபிள்யூ. வழக்கொழிந்தது.