பானையில் எழுதிய பெயர்

1867ஆம் ஆண்டு அமெரிக்கப் பயணிகள் சிலர் ‘குவேக்கர் சிட்டி’ என்னும் நீராவிக் கப்பலில் ஐரோப்பாவையும் புனித பூமியையும் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார்கள். உடன் சென்ற மார்க் ட்வெய்ன் 1869இல் அந்தப் பயணத்தை நூலாக்கினார். பிரான்சோ துருக்கியோ, எந்த ஊர் வழிகாட்டியானாலும் ‘ஃபெர்கூசன்’ என்றே அழைத்ததும், பழைய கட்டடங்களின் கல்லை நினைவுக்காகப் பெயர்த்தெடுத்ததும் அதில் நகைப்புக்குள்ளாகின்றன. உரத்த குரலை வைத்தும் காலணியை வைத்தும் அமெரிக்கரை அடையாளம் சொல்லும் வேடிக்கைக்கு இது ஒரு முன்னோடி எனலாம். இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. காட்டிக்கொடுக்கும் பழக்கம் எதுவோ, அது உடையவனுக்கு மட்டும் தெரிவதில்லை.

இந்த வேடிக்கை கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. கொடுமுடிக்குச் சற்றுக் கீழே நொய்யல் ஆறு காவிரியில் கலக்கிறது. அந்த நொய்யலைப் பிடித்து மேற்கே ஏறினால் சென்னிமலைக்கு அருகில், அதன் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் குறிப்பிடும் ‘கொடுமணம்’ இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. மேலைக் கடற்கரையின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்கும் காவிரிக் கரைக்கும் வந்த பெருவழியில் அமைந்த தொழில்நகரம் அது. படியூர்ப் பச்சைக்கல்லைப் பட்டை தீட்டினார்கள், இரும்பை உருக்கினார்கள். கடல் கடந்தவர்களின் ஆசை நாடிவந்த சரக்குகளில் அந்தக் கல்லும் ஒன்று.

வந்த யவனரை நம் புலவர்கள் எதை வைத்து அடையாளம் கண்டார்கள்? முல்லைப்பாட்டில் நப்பூதனார், பாசறைக் காவலில் நிற்கும் யவனரை அவர்களுடைய சட்டையாலும் முறுக்கேறிய உடம்பாலும் அஞ்சவைக்கும் பார்வையாலும் காட்டுகிறார். கூடவே, நாவால் பேசாமல் உடம்பால் பேசும் மிலேச்சரையும் காட்டுகிறார். மொழி தெரியாத ஊரில் கையையும் தலையையும் ஆட்டிப் பேசும் பயணியை இன்றும் எந்தப் பேருந்து நிலையத்திலும் பார்க்கலாம். புறநானூற்றில் நக்கீரர் யவனர் கொண்டுவந்த மதுவைச் சொல்கிறார். அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார், பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் அவர்களது மரக்கலத்தைச் சொல்கிறார். உடை, சைகை, மது, பணம் – இவைதாம் புலவர்கள் கண்ட யவனர். அவருள் ஒருவரின் பெயரையும் இப்பாடல்கள் சொல்லவில்லை.

பணத்தைப் பற்றிச் சொன்னதற்கு மண்ணே சான்று. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் மட்டும் 522 உரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ்களை உறிஞ்சிக்கொள்கிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமில் பிளினி புலம்பியதன் ஒரு துளி அந்தப் புதையல்.

ஆனால் கொடுமணலுக்கு வந்த அயலார் யவனர் மட்டும் அல்லர். 1985 முதல் பேராசிரியர் கா. இராஜன் நடத்திய அகழாய்வுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. அவற்றுள் ‘விஸாகீ’ போன்ற வடநாட்டுப் பெயர்களும் ‘நிகம’ என்னும் வணிகக் குழுச் சொல்லும் உண்டு. ‘சம்பன் சுமணன்’ என்பதில் வடநாட்டுப் பெயரே தமிழ் விகுதி பூண்டு நிற்கிறது. இவர்கள் இந்த ஊர்ப் பானையில் இந்த ஊர் எழுத்தில் பெயர் எழுதினார்கள். எந்தப் புலவரும் இவர்களது உடையையோ பேச்சையோ வியந்து பாடவில்லை. ஊரின் பழக்கத்தை ஏற்றவரை ஊர் அயலாராகப் பார்க்காது போலும்.

அந்த ஊர்ப் பழக்கம், அதாவது கலத்தில் பெயர் எழுதுவது, நமக்கு மிக இயல்பானது. பாத்திரக்கடையில் பெயர் வெட்டி வாங்கும் எவர்சில்வர் குடம் வரைக்கும் அது தொடர்கிறது. கடல் கடந்தபோது அதுவே தமிழனைக் காட்டிக்கொடுத்தது.

எகிப்தின் செங்கடல் துறையான குசேர் அல்-காதிமில் 1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தார், அமெரிக்கர்கள்தாம், தோண்டியபோது ‘கணன்’, ‘சாதன்’ என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கிடைத்தன. பின்னர் அதே துறையில் ‘பானை ஒறி’ என்று எழுதிய ஓடு ஒன்றும் கிடைத்தது. உறி என்பதன் பழைய வடிவம். பெரெனிகே துறையில் இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு இருந்தது. அரிசியும் பச்சைப்பயறும் அங்கே கிடைத்தன. அவ்வூரில் உரோமானிய மதுச்சாடி ஒன்றின் ஓட்டில் ‘கொற்றபூமான்’ என்று எழுதப்பட்டிருந்ததாக ஐராவதம் மகாதேவன் படித்தார். பானை யவனருடையது, பழக்கம் நம்முடையது.

இதன் உச்சம் 2026இல் வெளியானது. எகிப்தின் மன்னர் பள்ளத்தாக்குக் கல்லறைகளில் பழைய இந்தியப் பயணிகளின் கீறல் எழுத்துகளை சார்லட் ஷ்மிட், இங்கோ ஸ்ட்ரௌக் ஆகியோர் படித்து அறிவித்தனர். ‘சிகைக் கொற்றன்’ என்பவர் ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் தம் பெயரைப் பொறித்திருக்கிறார். வந்து பார்த்ததையும் பதிந்திருக்கிறார். அதே சுவர்களில் கிரேக்கரும் ஆயிரக்கணக்கில் கிறுக்கியிருக்கிறார்கள்; கூட்டத்தில் இவரும் ஒரு சுற்றுலாப் பயணி.

ட்வெய்ன் அங்கே இருந்திருந்தால் கொற்றனையும் விட்டிருக்க மாட்டார். கல்லைப் பெயர்த்தவர்களுக்கும் கல்லில் பெயரைக் கீறியவருக்கும் பெரிய தூரமில்லை. ஆயினும் அந்த அடக்கமின்மையால்தான் அவர் பெயர் நம்மிடம் வந்து சேர்ந்தது. மது கொணர்ந்த யவனரின் பெயர் நமக்குத் தெரியாது. எழுதாமல் திரும்பிய எத்தனையோ தமிழரின் பெயரும் தெரியாது.