மர்சலாத்தோ: ஓர் ஊர்ப் பேர் திட்டா மாறின கதை

பழைய ஒயினை ருசி பார்க்கும் இத்தாலிக்காரர்கள், கெட்டுப்போன சரக்குக்கு வகைவகையாப் பேர் வச்சிருக்காங்க. அதையெல்லாம் தமிழ்ப்படுத்த உட்கார்ந்தா பாதி வேலை சுலபம்தான். 'சா தி தாப்போ'ன்னா தக்கை வாடை. ஈரத்தில் கிடந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு நெடி. இதுக்குக் காரணமான டிசிஏ என்ற வேதிப்பொருளை 1980களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. 'ஸ்புந்தோ'ன்னா காடியாக ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். 'ஜிராத்தோ'வுக்கு நேர் பொருள் 'திரும்பியது'. பால் திரிஞ்சு போச்சுன்னு நாம சொல்றோமே, அந்தத் 'திரி'க்கும் திரும்புதல், மாறுதல்னுதான் பொருள். அச்சு அசலா பொருந்துதுல்ல?

தகராறு 'மர்சலாத்தோ'வில்தான். காத்துப் பட்டு, நிறம் பழுப்பாகி, அக்ரூட் வாசனையும் காய்ச்சின சர்க்கரை வாசனையும் அடிக்கிற ஒயினைத்தான் இப்படிச் சொல்றாங்க. 'ஆக்சிஜனேற்றம் அடைந்தது'ன்னு போட்டா கெமிஸ்ட்ரி சரி. ஆனா அந்தச் சொல்லுக்குள்ளே ஓர் ஊர் இருக்கு, அது காணாமப் போயிடும்.

மர்சாலா, சிசிலித் தீவின் மேற்குக் கரையில் இருக்கும் துறைமுகம். அங்கே பீப்பாயிலிருந்து பழைய ஒயினைக் கொஞ்சம் எடுத்தா, அந்த இடத்தைப் புது ஒயினால் நிரப்புவாங்க. பீப்பாய் காலியாகவே ஆகாது. மரத்துக்குள்ளே வருஷக்கணக்கில் காத்தோட பழகின ஒயின் அது. 1773-ல் ஜான் உட்ஹவுஸ் என்ற ஆங்கிலேய வியாபாரி, கடல் பயணத்தில் கெடாமலிருக்க அதில் கொஞ்சம் பிராந்தி சேர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். சரக்கு பிச்சிக்கிட்டுப் போச்சு! 1800-ல் தளபதி நெல்சன் தன் கப்பற்படைக்கே ஆர்டர் கொடுத்தார். 1833-ல் வின்சென்சோ ஃப்ளோரியோ அங்கே பெரிய ஆலை கட்டினார்.

இருபதாம் நூற்றாண்டில் இறங்குமுகம். முட்டை, காபி எல்லாம் கலந்து விற்று, கடைசியில் சமையலுக்கு ஊத்துற ஒயின்னு பேர் வாங்கிடுச்சு. 1969-ல் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைச்சது. அப்படி வாசனை சேர்த்த சரக்கை மர்சாலான்னு சொல்லக் கூடாதுன்னு 1984-ல் சட்டம் போட்டாங்க.

எங்க தொழில்ல பழைய ஜோக் ஒண்ணு உண்டு: இது பக் இல்லீங்க, ஃபீச்சர்! மர்சாலாவும் அதே கேஸ்தான். 'வெர்ஜினே' வகை மர்சாலாவைக் குறைந்தது 5 வருஷம் மரப்பீப்பாயில் வைக்கணும்னு விதி. அங்கே மதிப்பு கூட்டுற அதே வாசனை, சாதாரண வெள்ளை ஒயினில் வந்தா குற்றம். ருசியில் குத்தமில்லை, வரக் கூடாத இடத்தில் வந்ததுதான் குத்தம்.

அதனால 'மர்சலாத்தோ'வைக் 'கெட்டது'ன்னு மொழிபெயர்க்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். அதைப் படிச்சவர் நாளைக்கு நல்ல மர்சாலா கையில் கிடைச்சா, மோந்து பார்த்துட்டுக் கீழே ஊத்திடுவார். என் ஓட்டு 'காத்தேறியது' என்ற சொல்லுக்கு. நடந்ததைச் சொல்லுது, எந்த ஊரையும் திட்டலை. குற்றமா குணமாங்கிறதை பாட்டில் மேல இருக்கிற பேர் சொல்லட்டும். இதைவிட நல்ல சொல் இருந்தா சொல்லுங்க, சந்தோஷமா மாத்திக்கறேன் :-)